வலி போன கை

என் வலது கை வலித்த இரண்டு வருடமும் அந்த வலியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கையைப் பிடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபத்தோடுதான் எழுதப் போகிறேன். ஆற அமர யோசித்து எழுது என்கிறார் என் வீட்டுக்காரர். ஆற அமர இருந்ததில்தான் கை இப்படி ஆனது.

ஓசூரிலிருந்து பேரிகை போகிற வழியில் ஒரு ரோஜாப் பண்ணையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. பண்ணை என்றதும் மண்ணும் மாடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது பஞ்ச் கார்டு, யூனிபார்ம், கேன்டீன், கம்பெனி வேன் எல்லாம் உள்ள இடம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே செடிகள் நிற்கும். பக்கத்தில் நீளமான ஷெட்டில், அதை பேக்ஹவுஸ் என்போம், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். வெட்டி வந்த பூவை நீளம் பார்த்து, தண்டு வளைவு பார்த்து, தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பெங்களூர் ஏர்போர்ட், அதற்கப்புறம் எந்த ஊரோ.

தரம் பிரிப்பதில் கடைசிச் சோதனை கட்டைவிரலுக்கு. மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக ஒரு அழுத்து. இறுகி நின்றால் ஏற்றுமதி. உள்ளே மெத்தென்று கொடுத்தால் உள்ளூர் மார்க்கெட்டுக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். புதிதாக வருகிற பெண்களுக்கு இது வர ஒரு வருடம் பிடிக்கும், சிலருக்கு வருவதே இல்லை. எனக்கு வந்தது. அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் என்னை டேபிளுக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள்.

முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊறியது. பிறகு மணிக்கட்டில் வலி, அங்கிருந்து முழங்கை, தோள்பட்டை. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. படுத்தால் அரை மணி நேரத்தில் கை என்னை எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து உதறுவேன், மறுபடி படுப்பேன், மறுபடி எழுப்பும். பிப்ரவரிக்காக உலகத்துக் காதலர்களுக்கெல்லாம் பூக்கட்டி முடித்த பிறகு, மாதக்கணக்கில் தொடர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் நான் தூங்கியதில்லை. கம்பெனி வேனில் தூங்கினேன். சபையில் ஜெபம் செய்யத் தலையைக் குனிந்தபோது தூங்கினேன். ஒருநாள் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே தூங்கிப் பருப்பைக் கருக்கினேன்.

எங்கள் கம்பெனிக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு டாக்டர் வருவார். ஆபீஸ் ரூமை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்தே இருக்கும். நாம் சொல்வது ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

"என்ன வயசு?" என்றார்.

"நாப்பத்தாறுங்க."

"அதான்" என்றார்.

அவ்வளவுதான் பரிசோதனை. கால்சியம் மாத்திரை எழுதினார், வலிக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்காமல் இருக்க இன்னொன்று. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே சீட்டு. நாலாவது தடவை போகவில்லை. கை வலிக்கிறது என்று அடிக்கடி போகிறவளைத் தரம் பிரிக்கும் டேபிளிலிருந்து எடுத்துத் தொட்டி கழுவுகிற வேலைக்கு மாற்றுவார்கள். என் கண் முன்னால் இரண்டு பேரை மாற்றியிருக்கிறார்கள். தொட்டி கழுவினால் கை இன்னும் வலிக்காதா என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்தவள் கைதானே என்று இருந்தேன்.

என் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன். தினமும் சாயங்காலம் போன் செய்து, "அக்கா, நேத்து தூங்கனியா?" என்று கேட்பான். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வந்தவன், பையிலிருந்து ஒரு பேபி பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"இது இன்னாடா?"

"சி.பி.டி. பூக்கா. ஆன்லைன்ல வாங்கனேன். வலி கொறையும், தூக்கம் வரும். வெளிநாட்ல எல்லாம் இதான் எடுத்துக்கறாங்க."

மூடியைத் திறந்தேன். வாசம் அடித்தது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறவர், ஊர் உலகம் தெரிந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது கஞ்சாடா" என்றார்.

"இல்ல மாமா. அதே ஜாதிச் செடிதான். இதுல போதை ஏத்தற சமாச்சாரம் கெடையாது. லீகல். வெப்சைட்லயே போட்டிருக்கான்."

"லீகல்னா பேபி பவுடர் டப்பால எதுக்குக் கொண்டாந்த?" என்று கேட்டேன்.

அவன் டீ குடித்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அந்தப் பூவைக் கொட்டித் தரம் பிரித்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது. ஒரே வெட்டில் வந்த பூ இல்லை அது. பாதி பச்சை, பாதி பழுப்பு. சிலது அவசரமாகக் காய வைத்தது, தொட்டாலே பொடிந்தது. சிலதில் ஈரம் போகவே இல்லை. அடியில் எடைக்காக இலைத்தூளும் காம்பும் சேர்த்திருந்தார்கள். இரண்டு மூன்று சரக்கைக் கலந்து அடைத்திருக்கிறான் எவனோ.

"எங்க டேபிள்ல இது வந்தா மொத்தமும் ரிஜெக்ட்" என்றேன்.

"சர்டிபிகேட் இருக்குக்கா" என்று போனில் காட்டினான். பச்சை இலைப் படம் போட்ட ஒரு காகிதம், கீழே கையெழுத்து, முத்திரை. எதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல். நாங்களும்தான் எங்கள் பெட்டிகளில் சர்டிபிகேட் ஒட்டுகிறோம். ஒட்டுகிறவளுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. அது தெரிந்த நானே அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். என் கண் சொன்னதை நான் நம்பவில்லை. தூங்காத மனுஷி எதையும் நம்புவாள், தன்னைத் தவிர.

தம்பி போன பிறகு அதைக் கஷாயம் வைத்தேன். காய்ந்த பூவைக் கையில் கொடுத்தால் நான் வேறென்ன செய்வேன்? மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு, ஒன்றரை டம்ளரை முக்கால் டம்ளராகச் சுண்டவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாரம் குடித்தேன். வேப்பங்காய் தோற்றது. ஒரு பலனும் இல்லை. போனில் சொன்னபோது தம்பி சிரிக்கிறான்.

"அது தண்ணில எறங்காதுக்கா. நெய்யில, எண்ணெய்லதான் எறங்கும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா கேடு?"

"நீ கஷாயம் வெப்பேன்னு நான் கண்டனா?"

அதன் பிறகு நெய்யில் காய்ச்சினேன். ஒரு ஸ்பூன் நெய்யைச் சூடான பாலில் விட்டுப் படுக்கப் போகும் முன் குடிப்பது. காய்ச்சும்போது வருகிற வாசம், மழையில் நனைந்த கோணிச்சாக்கும் எலுமிச்சை இலையும் சேர்ந்தாற்போல் இருக்கும். எங்களுடையது லைன் வீடு, ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஆறு வீட்டுக்குத் தெரியும். அதனால் சாம்பிராணி போட்டேன். நாங்கள் சாம்பிராணி போடுகிற சபை கிடையாது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் கதவோரம் வந்து நின்று, "ஏனக்கா, நீவு கிறிஸ்டியன் அல்வா? தினா சாம்பிராணி ஹாக்தீரா?" என்று கேட்டாள். கிறிஸ்தவர்கள் வீட்டில் தினமும் சாம்பிராணியா என்று அவளுக்கு ஆச்சரியம். கொசுவுக்கு என்றேன். நம்பின மாதிரி தலையாட்டினாள். நாலு நாளில் அவளும் கொசுவுக்குச் சாம்பிராணி போட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் விடியும்வரை தூங்கினேன். அதை எப்படிச் சொல்வது? காலையில் காக்கா சத்தம் கேட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். அழுதேன். தம்பிக்குப் போன் செய்து தூங்கினேன் என்று சொன்னேன், அவனும் அழுதான். தூக்கம் பூவினால் வந்ததா, நெய் விட்ட பாலினால் வந்ததா, சீசன் முடிந்து வேலை குறைந்ததால் வந்ததா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் பட்டறையில் யூனியன் வக்கீலிடம், யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சட்டத்துல பூன்னாலே கஞ்சாதானாம். எலைக்கு வேற மாதிரியாம். போதை இருக்குதா இல்லியான்னு எல்லாம் பாக்க மாட்டாங்களாம். மாட்டினா உன் வேல போவும், என் வேல போவும், உன் தம்பி உள்ள போவான். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி பஸ்ல கொண்டாறானே, அவனுக்கு அறிவு வேணாம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லீகல் என்று பெரிய எழுத்தில் போட்டவன் மேல், அதைப் படித்துவிட்டு வாங்கியவன் மேல், இலைக்கு ஒன்று பூவுக்கு ஒன்று என்று எழுதி வைத்தவர்கள் மேல். ஆனால் நிறுத்தவில்லை. தூக்கத்தை ருசி பார்த்த பிறகு அதை விட முடியுமா? டப்பாவைப் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டோம். அந்தத் தீர்மானம்தான் என் கையைத் தின்றது. அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மாம்பழ சீசன் முடிவதற்குள் வலி பாதியாகிவிட்டது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பொரி பொட்டலம் கொடுத்தபோது கையில் வலியே இல்லை. தம்பி குதித்தான். "நான் சொன்னனா இல்லியா?" என்று போனிலேயே நாலு தடவை கேட்டான்.

வலிக்குப் பதிலாக வேறு சிலது வந்திருந்தன. டம்ளர் கை நழுவி விழும். ஜாக்கெட் கொக்கி மாட்ட நேரமாகும், என் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும். சில்லறை எடுக்கப் பர்சுக்குள் கை விட்டால் எது காசு எது சாவி என்று தெரியாது. தம்பியிடம் சொன்னேன். "சி.பி.டி.ல கொஞ்சம் மந்தமா இருக்கும்க்கா, கூகுள்ல போட்டிருக்கான்" என்றான். மந்தம்தானே, வலி இல்லையே என்று இருந்துவிட்டேன்.

எங்கள் சபையில் பாஸ்டரம்மா ஒன்றரை வருடமாக என் கைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, என் தலைமேல் கை வைத்து ஜெபிக்கும்போது நிஜமாகவே அழுவார். நான் இரண்டு கையாலும் பாட்டுப் புத்தகம் பிடித்திருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"வலி இருக்குதாம்மா?"

"இல்லீங்க."

"ஸ்தோத்திரம்! வர்ற வாரம் அறுப்பின் பண்டிகை. எழுந்து சாட்சி சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. எதனால் வேண்டாம் என்று சொல்வேன்? பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் வாழைத்தாரும் பூசணிக்காயும் கரும்பும் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் பண்ணை ரோஜாவும் ஒரு கட்டு இருந்தது, நானே தரம் பிரித்துக் கொண்டுபோனது. நான் எழுந்து நின்று வலது கையைத் தூக்கிக் காட்டி, இரண்டு வருடமாக இருந்த வலியைக் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா தேம்பினாள், அவளுக்கு முட்டி வலி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றேன், புடவை மடிப்பில் அந்தப் பூவின் வாசம் லேசாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அந்த அம்மா தேம்பியதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதே மாதம் கம்பெனி டாக்டர் வரிசையாக எல்லோரையும் பார்த்தார்.

"கை எப்படி இருக்கு?"

"வலி போயிடுச்சிங்க."

"பாத்தீங்களா? கால்சியம்தான். விடாம சாப்பிடுங்க" என்று பெருமையாக எழுதிக்கொண்டார்.

ஒரு வலி போனதற்கு மூன்று பேர் மாலை போட்டுக்கொண்டார்கள். மாத்திரை என்றார் டாக்டர், ஜெபம் என்றார் பாஸ்டரம்மா, பூ என்றான் தம்பி. நான் மூன்று பேருக்கும் தலையாட்டினேன். மந்தமாக இருக்கிறது, சாமான் கை நழுவுகிறது என்று டாக்டரிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டால்? கதவு திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி கடைசியில் பேக்ஹவுஸில் மூச்சுவிட நேரம் இருக்காது. எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பத்து வருடமாக வேலை செய்கிறவள் சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி, என் வயதுதான். திடீரென்று அவள் கத்தினாள்.

"அக்கா! நெத்துரு! நெத்துரு!"

குனிந்து பார்த்தேன். நான் சுற்றி வைத்த வெள்ளை அட்டைகளில் எல்லாம் ரத்தம். ஒன்றில் இரண்டில் இல்லை, வரிசையாக ஏழெட்டுக் கட்டுகளில். என் வலது கட்டைவிரலில், சதைக்குள், ஒரு முள் முழுசாக இறங்கி நின்றது. எப்போது குத்தியது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஓடிவந்து பிடுங்கினாள். ரத்தம் கொப்பளித்தது. எனக்கு ஒன்றுமே இல்லை. வேறு யாருடைய விரலிலிருந்தோ பிடுங்குகிறாள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

"நொப்பி லேதா அக்கா? வலிக்கலியா?" என்றாள். அவள் முகம் மாறிவிட்டது.

நான் ஒரு மொட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். இறுக்கமா மெத்தென்றா என்று தெரியவில்லை. இடது கைக்கு மாற்றி அழுத்தினேன். மெத்தென்று கொடுத்தது. அந்தக் கட்டில் இருந்த மற்றதையும் இடது கையால் பார்த்தேன். பாதி மெத்து. எத்தனை நாளாக நான் தொட்டுப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. கை தன் பாட்டுக்கு அழுத்தியது, நான் என் பாட்டுக்குப் பாஸ் செய்தேன். மடியில் டவலை விரித்து, கையை அதில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வந்த பயம் வலியை விட மோசமாக இருந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, என் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். முதல் காரியமாக என் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கை மேலே தெரியும்படி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருந்தது. வலது கையில் அந்த மேடு இல்லை. குழிந்திருந்தது. இரண்டு வருடமாக என் உடம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்த கை. உலகத்துப் பூவை எல்லாம் உற்றுப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை.

"வலி எப்பம்மா நின்னுச்சு?" என்றார்.

ஆயுத பூஜை சமயம் என்றேன். "நின்னதும் டாக்டர்கிட்ட காட்டலையா?"

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பூ, நெய், டப்பா, சட்டம், சாட்சி எல்லாம். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டவில்லை, போலீஸ் என்ற பேச்சும் எடுக்கவில்லை.

"அது உங்களைத் தூங்க வெச்சிருக்கலாம். வலியையும் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம், கொறைக்காமலும் இருந்திருக்கலாம். அந்த டப்பாவுல என்ன இருந்துச்சின்னே நமக்குத் தெரியாதே, நான் எப்படிச் சொல்றது? ஆனா உங்க மணிக்கட்டுல நரம்பு போற சந்து இறுகி, நரம்பு ரொம்ப நாளா நசுங்கிட்டு இருந்திருக்கு. நசுங்கற வரைக்கும் வலிக்கும். சாக ஆரம்பிச்சா வலி நின்னுடும். நீங்க சொகமாயிடுச்சின்னு நெனைச்சது அதைத்தான்."

"முன்னாடியே வந்திருந்தா?"

"வலி இருக்கும்போதே வந்திருந்தா சின்ன ஆபரேஷன். இப்பவும் அதே ஆபரேஷன்தான். ஆனா உணர்ச்சி திரும்புமான்னு நான் வாக்கு கொடுக்க முடியாது."

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸும் பெங்களூர் பஸ்ஸும் ஹாரன் அடிக்கிற நடுவில் நின்று தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். பூ விற்கிறவன்கள், பச்சை இலை சர்டிபிகேட், கூகுள், மந்தம், எல்லாவற்றையும். பழக்கூடைக்காரி கூடையை நகர்த்திக்கொண்டாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ தூங்கலன்னு சொன்னியேக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன். நான் தூங்கினேனா என்று தினமும் கேட்டவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவனைத்தான் அதிகம் திட்டினேன். திறந்த கதவுக்குள் உட்கார்ந்து "அதான்" என்று சொன்னவரை இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை, எதிரில் பார்த்தால் இன்றைக்கும் வணக்கம்தான் வைக்கிறேன். இதுவும் எனக்குக் கோபம்தான்.

பாஸ்டரம்மாவிடம் போய், நான் சொன்ன சாட்சி தப்பு, அடுத்த ஞாயிறு எழுந்து மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

"அப்படிச் சொன்னா மத்தவங்க விசுவாசம் என்னத்துக்கு ஆகும்மா?"

"அந்த முட்டி வலி அம்மா என் பேச்சைக் கேட்டு டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திட்டாங்களாமே. அவங்க முட்டி என்னத்துக்கு ஆகுங்க?" என்றேன்.

நான் சபையில் எழுந்து சொல்லவில்லை, அவர் இடம் கொடுக்கவில்லை. நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். என் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டிக் காட்டினேன். பூவைப் பீரோவில் ஒளித்தது, நெய்யில் காய்ச்சிச் சாப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் சொன்ன ஒரே உண்மையான சாட்சி அதுதான்.

மார்ச் மாதம் ஆபரேஷன் ஆனது. மீதி நெய்யைச் சாக்கடையில் ஊற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். நரம்புக்கு உயிர் வந்தால் முதலில் வலியாகத்தான் வரும், எரியும், சுருக்கென்று இழுக்கும், வந்தால் சந்தோஷப்படுங்கள் என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ஒரே கேள்வி. பல் தேய்க்கும்போது, சோறு போடும்போது, என் வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்பார்: "வலிக்குதா?" இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டுவிட்டு, இந்த மனிதருக்கு என்ன கெட்ட எண்ணம் என்பதுபோல் அவரைப் பார்த்தாள். கம்பெனியில் என்னை டேபிளிலிருந்து எடுத்து இடது கையால் லேபிள் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் மொட்டை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு ஒட்டினேன். ஏப்ரல் போனது, மே போனது. ஆள்காட்டி விரலில் எறும்பு ஊறியது. கட்டைவிரல் கட்டையாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தம்பி வந்திருந்தான். திட்டின பிறகு அவன் வருவது அதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் உட்கார்ந்து, இப்போது டாக்டர் சீட்டோடு வாங்குகிற எண்ணெய் ஒன்று இருக்கிறது, இது நிஜமாகவே சட்டப்படி சரி, நானே விசாரித்துவிட்டேன் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். கட்டைவிரல் அடியிலிருந்து நுனிவரை கம்பியைக் காய்ச்சி இழுத்ததுபோல் ஒரு சுரீர். கையை உதறினேன். மறுபடியும் சுரீர். முழங்கைவரை போயிற்று. கிண்ணம் கவிழ்ந்தது.

"வலிக்குது" என்றேன். பிறகு கத்தினேன். "ஏங்க, வலிக்குது!"

என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடிவந்தார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தில் கண்ணீரைப் பார்த்துப் பயந்து, "அக்கா, மாத்திர எங்க இருக்குது? அந்த எண்ணெய இப்பவே ஆர்டர் போடட்டுமா? ராத்திரிக்கு எப்பிடித் தூங்குவ?" என்று போனை எடுத்துவிட்டான்.

"போன வைடா கீழ" என்றேன். "நான் தூங்கலன்னா பரவால்ல. முழிச்சிட்டே இருக்கேன். இந்தத் தடவ இது போனா எனக்குத் தெரியணும்."